தகரப் பெட்டியின் கதை

பெங்களூருக்குப் போய் மாலையே திரும்புவதாக இருந்தாலும் என் பையில் ஒரு சின்ன மருந்து டப்பா இருக்கும். வீட்டில் கேலி செய்வார்கள். "அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?" என்பார்கள். அதற்குள் என்னென்ன ஆகும் என்பது ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தினமும் கடப்பவர்களுக்குத் தெரியும். இந்த டப்பா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் எழுதுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். புண்ணில் சீழ் பிடிப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்பதை லூயி பஸ்தேர் பெயரோடு சேர்த்து மனப்பாடம் செய்தோம். அயோடினைக் கண்டவரும் பிரெஞ்சுக்காரர்தான். பெர்னார் கூர்த்துவா 1811-இல் வெடியுப்புத் தயாரிக்கக் கடற்பாசிச் சாம்பலைக் காய்ச்சும்போது ஊதா நிற ஆவி எழுந்தது. வெடிமருந்துக்காகச் செய்த வேலையில் புண்ணுக்கு மருந்து கிடைத்தது. ஆனால் பஸ்தேரின் கருத்தை 1865-இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் கார்பாலிக் அமிலத்தால் செய்து காட்டிய ஜோசப் லிஸ்டரைப் பற்றி எங்கள் ஆசிரியர் வாய் திறந்ததில்லை. லிஸ்டர் ஆங்கிலேயர் என்பதால் இருக்கலாம்!

ஜெர்மன் ராணுவ மருத்துவர் எஸ்மார்க் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. முக்கோணத் துணி ஒன்றைக் கட்டுப்போடக் கொடுத்தார். தலைக்கு எப்படி, கைக்கு எப்படி, காலுக்கு எப்படி என்று அந்தத் துணியிலேயே படம் அச்சடித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாயும் பார்த்துக் கட்டிவிடலாம். பிறகு 1888-இல் அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, ஆஸ்பத்திரிக்கு வெகுதூரத்தில் தண்டவாளம் போடும் ரயில்வே தொழிலாளிகளுக்காக முதலுதவிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே பயணப் பெட்டியும் தொழிற்சாலைப் பெட்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

நம் வீடுகளில் பெட்டி கிடையாது, முடிச்சுதான். சுக்கு, ஓமம், வசம்பு, ஒரு மஞ்சள் துண்டு. அதோடு அமிர்தாஞ்சனம் சேர்ந்துகொண்டது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கியது, 1914-இல் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான்.

எங்கள் ஓசூருக்குத் தகரப் பெட்டி கூட்டமாக வந்தது சிப்காட்டோடு. 1980 வாக்கில் அசோக் லேலண்டு, டிவிஎஸ் மொபெட், பிறகு டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் இருந்தால் தனி முதலுதவி அறை. பெட்டிக்குப் பொறுப்பாக, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுக்க அருகிலேயே இருக்க வேண்டும். குறிப்பிட்ட பொருள்களைத் தவிர வேறெதுவும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதியவர் மனித சுபாவம் தெரிந்தவர். ஆனால் எங்கள் மேசைக்கு வந்த படிவங்களில் "முதலுதவிப் பெட்டி: உண்டு / இல்லை" என்று மட்டுமே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கட்டம் இல்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். சூளகிரி தாண்டியதும் டிரைவர் போட்ட பிரேக்கில் ஓர் அம்மாவின் நெற்றி முன்சீட்டுக் கம்பியில் மோதிப் பிளந்தது. கண்டக்டர் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஊதுபத்தி, சூடம், துடைக்கிற துணி. தொழிற்சாலைப் பெட்டிக்குச் சொன்னதைப் பேருந்துப் பெட்டிக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு பெரியவர் தன் பையிலிருந்த துவைத்த வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார். ஓசூர் ஆஸ்பத்திரி வரை மாற்றி மாற்றி அழுத்திப் பிடித்து வந்தோம். "ஏம் காலேது சாமி" என்று அந்த அம்மாதான் எங்களைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து இந்த டப்பா. சுத்தமான காஸ் துணி, சுருள் கட்டு, முக்கோணத் துணி, கத்தரிக்கோல், ஊக்கு, பிளாஸ்டர், கையுறை ஒரு ஜோடி, போவிடோன் அயோடின் (கூர்த்துவாவின் பேரப்பிள்ளை). பஞ்சைப் புண்மேல் நேராக வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும். நம் காலத்துச் சிவப்பு மருந்து மெர்குரோக்ரோம் இப்போது வேண்டாம், அதில் பாதரசம் உண்டு. தீக்காயத்துக்கு இங்கும் பற்பசையும் பூசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் காட்டினால் போதும், பிறகு டாக்டரிடம் போகலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு வைத்திருக்கிறேன். 1971-இல் வங்காளதேச அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர் ரோட்டில் வண்டி எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், கோர்ட்டு என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. உதவி செய்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அது 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் வெளிமாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆம்புலன்சுக்கு இங்கும் 108, கர்நாடகத்திலும் 108. எல்லையருகே நின்று கூப்பிடும்போது எந்த மாநிலம், எந்தப் பாலத்துக்குப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டப்பா மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். பெயர், இரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், மகனின் தொலைபேசி எண். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியாயிற்று. கன்னடத்தை எதிர்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார்.