வளர்ப்புப் பாம்பும் வயல்வெளிப் பாம்பும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் பாம்பை ஆசையோடு வீட்டில் வளர்ப்பவர்களும் உண்டு. மேலை நாடுகளில் முதன்முதலாகப் பாம்பு வாங்குபவருக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் காட்டுவது பந்து மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதற்கு விஷமில்லை. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். 4, 5 அடிதான் வளரும். ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி வெப்பமுள்ள பெட்டி, ஒளிந்துகொள்ள ஓர் இடம், தண்ணீர், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஓர் எலி. இவை போதும் என்பார்கள். ஆனால் அது 30 ஆண்டுகள்கூட வாழும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

முத்துப்பேட்டைப் பக்கத்து விவசாயிக்குப் பாம்பு கடையில் வாங்கும் பொருளல்ல. வரப்பிலேயே சாரை இருக்கிறது. கதிர் முற்றும் காலத்தில் எலிகள் கதிரைக் கடித்து வளைக்குள் சேர்க்கும். பூனை நுழைய முடியாத அந்த வளைக்குள் சாரை நுழைந்துவிடும். அதற்கும் விஷம் கிடையாது. தீனியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்.

இத்தகைய பாம்புக்குத்தான் ஒரு காலத்தில் பெரிய ஆபத்து வந்தது. கைப்பைக்கும் செருப்புக்கும் பாம்புத் தோல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. தமிழ்நாட்டில் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்பு பிழைத்தது. ஆனால் இருளர்களின் அடுப்பு அணைந்தது.

இதற்கு ஒரு வழி கண்டவர்களில் முக்கியமானவர் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து வருகிறார்கள். ஒவ்வொன்றையும் மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, சுமார் 3 வாரம் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. வயலில் பாம்பு கடித்த விவசாயிக்கு மருத்துவமனையில் ஏற்றுவது அந்த மருந்தைத்தான்.

இந்த இருளர்களின் திறமை அமெரிக்காவுக்கும் தேவைப்பட்டது. அங்கே புளோரிடாவில் வளர்த்தவர்களிடமிருந்து தப்பியும், வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டும் பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலக் காட்டில் பெருகிவிட்டன. முயல் போன்ற சிறு விலங்குகள் பல இடங்களில் அருகிப்போயின. 2017இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் அங்கே போனார்கள். 2 வாரத்துக்குள் அவர்கள் குழு 13 மலைப்பாம்புகளைப் பிடித்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அதே 2023 ஜூலையில், டெல்டாவுக்கு அருகிலுள்ள திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் சிக்கின. புளோரிடாவில் சிக்கலைத் தொடங்கிவைத்த ஆசை நம் வாசலுக்கும் வந்துவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

சட்டம் இன்று தெளிவாக இருக்கிறது. சாரை ஆனாலும் நல்ல பாம்பு ஆனாலும் நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு உயிரினம் வைத்திருப்பவர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது இனப்பெருக்கம் செய்தாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

பாம்பை வைத்துப் பராமரிப்பதில் தமிழ்நாட்டுக்கு உள்ள அனுபவம் அந்த மண்பானைதான். அங்கே பாம்புக்கு 3 வாரத்தில் விடுதலை உண்டு. கண்ணாடிப் பெட்டிப் பாம்புக்கு அது கிடையாது. வெளியே விட்டால் அது நம் வயலுக்கும் காட்டுக்கும் கேடு. முதன்முதலாகப் பாம்போடு பழக நினைப்பவர் வரப்பில் போகும் சாரையை அடிக்காமல் விட்டாலே போதும். நெல்லும் மிஞ்சும், பாம்பும் மிஞ்சும்.