தமிழில் தசையும் நரம்பும்

யாழின் தந்தியை நரம்பென்றனர் பண்டைத் தமிழர். வெயிலில் உழைத்தவனின் முன்கையில் புடைத்து நிற்பதையும் நம்மவர் நரம்பென்றே சொல்வர். ஆனால் அது குருதி ஓடும் நாளம். தசைக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பு உள்ளே மறைந்து கிடப்பது. இவ்வேற்றுமையைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் நடந்தது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவன் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவான், தமிழிற் கற்றவனே கிராமத்தில் தங்குவான் என்று கண்டபின், 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். மதம் பரப்ப வந்த மிஷனைச் சேர்ந்தவர் அவர். அதை அவர் மறைத்ததுமில்லை. எனினும் உடலமைப்பைக் கூறும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், உடற்றொழிலைக் கூறும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. தலைப்பிலேயே வடமொழி மிரட்டுகிறது என்பது மெய்தான். ஆனால் அன்று கலைச்சொல் அகராதி ஏது, குழு ஏது? சப்மன், டன்போர்த் முதலிய தமிழ் மாணவரும் மொழிபெயர்ப்பில் உழைத்தனர். அமெரிக்கப் பெயர் சுமந்த அத்தமிழரை இன்று நினைப்பார் சிலரே.

முண்ணாணிலிருந்து புறப்படும் நரம்பின் முன்வேர் இயக்கத்துக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்று பிரான்சில் மஜாந்தி 1822இல் காட்டினார். கிறீன் பிறந்ததும் அவ்வாண்டில்தான். ஐரோப்பாவின் அப்புத்தறிவு ஒரு மனிதனின் ஆயுளுக்குள் தமிழேறிற்று.

அவ்வறிவு யாருக்குரியது? வெட்டு இயந்திரம் வருமுன், எங்கள் ஆலையடிவேம்பு வட்டைகளில் தாக்கத்தியால் வேளாண்மை வெட்டிய கையை எண்ணிப் பாருங்கள். கதிரை இழுக்க மேற்கையின் முன்தசை சுருங்கும். அவ்வேளையே பின்தசை தளர வேண்டும். இரண்டும் ஒருங்கே இறுகினால் கை மரக்கட்டைதான். இத்தளர்ச்சியை முண்ணாணே ஏவுகிறது. இதனைத் தெளிவாக்கிய ஷெரிங்டன் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நாட்கூலிக்கு வெட்டியவனோ அதே வித்தையை நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை செய்தான்.

அந்தக் கை ஒருநாள் திடீரெனத் தொய்ந்துவிடுகிறது. பாரிசவாதம் என்று சொல்லி எண்ணெய் தேய்க்கிறோம். தசையிற் பழுதில்லை, ஆணை பிறக்கும் மூளையிலே குருதி தடைப்பட்டிருக்கிறது, அல்லது கசிந்திருக்கிறது. அடைப்பாயின், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். தேய்த்துக் கழிவது அந்த நேரமே.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் இறந்தார். அவர் வகுத்த வழி நிலைக்கவில்லை. இலங்கையின் மருத்துவ பீடங்கள் இன்று ஆங்கிலத்திலேயே போதிக்கின்றன. உயர்தர வகுப்பில் முண்ணாண் என்று படித்த எம்மூர் மாணவி, பீடத்தில் அதை வேறு பெயரிற் கற்கிறாள். வைத்தியராகி வரும் அவளிடம், “அப்பாவின் கை ஏன் தூக்குதில்லை?” என்று ஒரு விவசாயி தமிழிலேதான் கேட்பான்.