வேலையை விட்ட உளவு அதிகாரி



2003 மார்ச்சில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், ஈராக்கில் நிஜமாவே அந்த ஆயுதமெல்லாம் இருக்கா?" என்று கேட்டான். "இல்லாமலா இத்தனை நாடு கிளம்பும்? உட்காரு" என்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதே மாதம் 11ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ வில்கி வேலையை உதறினார். முன்னாள் ராணுவ லெப்டினன்ட் கர்னல். கான்பெராவில் பிரதமருக்கு உளவு மதிப்பீடு எழுதித் தரும் அலுவலகத்தில் மூத்த ஆய்வாளர். ஆயுதமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. போர் தொடுக்குமளவு ஆபத்து இல்லை, அல்கொய்தா தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை, போர் வந்தால்தான் சதாம் கையிலிருப்பதை எடுக்கத் துணிவார் என்றார்.

அவர் ஈராக் பிரிவிலேயே இல்லை, கள்ளக்குடியேற்றம் பார்த்தவர் என்றது அரசு. (எந்த ஆபீஸிலும் இந்த உத்தி உண்டு!) ஒன்பதாம் நாள் படையெடுப்பு. பிரதமர் ஜான் ஹோவர்ட் சுமார் 2,000 வீரர்களை அனுப்பினார்.

2004இல் ஹோவர்டின் தொகுதியிலேயே நின்று வில்கி தோற்றார். அதே ஆண்டுதான், ஈராக்கில் தேடிய அமெரிக்கத் தலைமையிலான ஆய்வுக்குழு, ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று அறிக்கை தந்தது. 2010இல் டாஸ்மேனியாவில் சுயேச்சையாக வென்று நாடாளுமன்றம் போனார்.

தம்பி, அன்று கேட்டது நீ என்றால் கமெண்டில் ஒரு வரி போடு. உன் கேள்விக்குப் பதில்: இல்லைப்பா.