கட்டுமானவாதம் (பன்னாட்டு உறவுகள்)

பன்னாட்டு உறவுக் கோட்பாடுகளுள் ஒன்று. ஓர் அரசு எதைத் தன் நலன் என்று கருதுகிறது என்பதைப் படைபலமும் செல்வமும் மட்டும் முடிவு செய்வதில்லை. அது தன்னை யார் என்று எண்ணுகிறது, பிற அரசுகளை எப்படிப் பார்க்கிறது, எந்த நெறிகளை ஏற்றிருக்கிறது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்பது இதன் அடிப்படை. பணத்தாளுக்கு மதிப்பு வருவது எல்லோரும் அதை ஏற்பதால்தான். இறையாண்மையும் எல்லைக்கோடும் அத்தகையவையே என்பர் கட்டுமானவாதிகள்.

முன்னோடிகள்

சமூக மெய்ம்மை மனிதர்களின் ஊடாட்டத்தில் உருவாகிறது என்று விளக்கிய பீட்டர் பெர்கர், தாமஸ் லுக்மன் ஆகியோரின் நூல் (1966) இதற்கு ஒரு வேர். வட அட்லாண்டிக் நாடுகளைப் பற்றிய கார்ல் டாய்ச் குழுவினரின் ஆய்வையும் (1957) சிலர் முன்னோடியாகக் கொள்வர்.

தோற்றமும் எழுச்சியும் (1986–1999)

அரசுகளுக்கு மேலே அதிகாரம் ஏதும் இல்லாததால் ஒவ்வொன்றும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற கென்னத் வால்ட்ஸின் கோட்பாடு (1979) 1980களில் மேலோங்கியிருந்தது. நெறிகளைப் புற நடத்தையைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்று 1986இல் ஃபிரீட்ரிக் கிராட்டோக்வில், ஜான் ரகி இருவரும் வாதிட்டனர். 1989இல் வெளியான தம் நூலின் வழியே இக்கோட்பாட்டின் பெயரை இத்துறைக்குக் கொண்டுவந்தவர் நிக்கோலஸ் ஓனஃப். ஆயினும் அதைப் பரவலாக்கிய அலெக்சாண்டர் வென்ட்டையே முதன்மையானவராகக் கருதுவோரும் உண்டு.

1992இல் எழுதிய கட்டுரையில் வென்ட், முன்பின் அறியாத இருவர் முதன்முறை எதிர்ப்படுவதைக் கற்பனை செய்தார். ஒருவர் சைகை காட்டுகிறார். மற்றவர் அதற்கு ஒரு பொருள் கொண்டு பதில் சைகை காட்டுகிறார். இது தொடரத் தொடர, பகையோ நட்போ உருப்பெறுகிறது. தொடக்கத்தில் இரண்டும் இல்லை. மேலதிகாரம் இல்லாத உலகமும் அப்படித்தான், அதில் போட்டி விதிக்கப்பட்டதன்று என்பது அவர் முடிவு. பிரிட்டனின் 500 அணு ஆயுதங்களைவிட வடகொரியாவின் ஐந்தே அமெரிக்காவை அச்சுறுத்துகின்றன என்று 1995இல் அவர் தந்த எடுத்துக்காட்டு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

1996இல் பீட்டர் காட்ஸன்ஸ்டைன் தொகுத்த நூல் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கு இப்பார்வையைக் கொண்டுசென்றது. அதே ஆண்டு வெளிவந்த மார்த்தா ஃபினிமோரின் நூல் சான்றுகளால் செறிந்தது. அறிவியல் கொள்கைக்கான அமைப்புகளைப் பல நாடுகள் உள்நாட்டுத் தேவையால் அல்ல, யுனெஸ்கோ கற்பித்ததாலேயே ஏற்படுத்தின என்று அவர் காட்டினார். செஞ்சிலுவை பற்றிய இயல் தனிக் கவனத்துக்குரியது. அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய தொழில் தொடர்பாக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் காணப் புறப்பட்ட ஜெனீவா வணிகர் ஆன்றி துய்னான், 1859 ஜூனில் வட இத்தாலியின் சோல்ஃபெரினோ போர் முடிந்த நேரத்தில் அப்பகுதியை அடைந்தார். அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊரின் தேவாலயத்தில் குவிந்த காயம்பட்டோருக்கு, எந்தப் படையினர் என்று பாராமல், ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தண்ணீர் கொடுத்தார். காயங்களுக்குக் கட்டுப் போட்டார். 1862இல் அதை நூலாக எழுதினார். அந்நூல் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்டது. அதன் தொடர்ச்சியாக, போரில் காயமுற்றோரைக் காக்கும் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் 1864இல் 12 அரசுகள் கையெழுத்திட்டன. படைபலம் ஏதுமற்ற தனிமனிதர் அரசுகளின் கடமையையே மாற்றியமைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஒரு நெறி தோன்றி, பரவி, இயல்பாகவே ஆகிவிடும் மூன்று கட்டங்களை 1998இல் ஃபினிமோரும் கேத்ரின் சிக்கிங்கும் வகுத்தனர். பகைவர், போட்டியாளர், நண்பர் என்னும் மூவகை உறவுப் பண்பாடுகளை விளக்கிய வென்ட்டின் பெருநூல் 1999இல் வந்தது.

கருத்து வேறுபாடுகள்

பனிப்போரை முடித்தது சோவியத் தலைவர் கோர்பச்சோவின் புதிய சிந்தனையா, அந்நாட்டின் பொருளாதாரத் தளர்ச்சியா என்பதில் இணக்கம் இல்லை. 1945க்குப் பின் போரில் அணுகுண்டு வீசப்படாததற்கு அதை ஒரு விலக்காகக் கருதும் மனநிலையும் காரணம் என்று நினா டானன்வால்ட் கூறுகிறார். பதிலடி அச்சமே போதிய விளக்கம் என்போரும் உளர். கட்டுமானவாதம் முழுமையான கோட்பாடா, அணுகுமுறை மட்டுமா என்பதும் விவாதத்துக்குரியதே.

அண்மைக் காலம்

புறநெறிகளை நாடுகள் தம் மரபுக்கேற்ப மாற்றி ஏற்பதை, தென்கிழக்கு ஆசியாவைக் கொண்டு அமிதவ் ஆச்சார்யா 2004இல் விளக்கினார். வென்ட் 2015இல் குவாண்டம் இயற்பியலின் துணையோடு சமூக அறிவியலை அணுகும் நூலை வெளியிட்டார். இணையப் பாதுகாப்பு நெறிகளுக்கும் கட்டுமானவாத ஆய்வு நீண்டுள்ளது.