பறக்கும் குண்டை அளந்த கதை



கடலூருக்குச் சென்றவர்கள் அங்கே ‘குண்டுச் சாலை’ என்னும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அப்பெயருக்குப் பின்னால் ஒரு விந்தையான நில அளவை இருக்கிறது. 1690ஆம் ஆண்டில், எலிகு யேல் சென்னையின் கவர்னராக இருந்த காலத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் அவர்களுக்குச் சேரும்? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு போய் விழுகிறதோ, அவ்வளவு நிலமும் சேரும் என்பது ஒப்பந்தம். அளவுகோலும் சங்கிலியும் செய்ய வேண்டிய வேலையைப் பீரங்கிக் குண்டு செய்தது.

அந்தக் குண்டு என்ன வேகத்தில் பறந்தது என்று அன்று உலகில் எவருக்கும் திட்டமாகத் தெரியாது. அதை நம்பத்தகுந்த முறையில் முதன்முதலில் அளந்து காட்டிய மனிதர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே கோட்டைக்கு வந்து சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். போரை வெறுக்கும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை பீரங்கிக் கணக்கில் பெயர் பெற்றது விதியின் விளையாட்டுத்தான்.

ராபின்ஸ் கையாண்ட கருவி மிக எளியது. கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டார். அந்த ஊசலின் எடை ஏறத்தாழ 56 பவுண்டு. பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டை அதன்மேல் சுட்டார். குண்டு கட்டையில் புதைந்ததும் கட்டை பின்னோக்கி ஆடியது. எவ்வளவு தூரம் ஆடியது என்பதை, கட்டையோடு இணைத்திருந்த ஒரு நாடா காட்டிற்று. கட்டை குண்டைவிட அறுநூறு மடங்குக்கும் மேல் கனமானது. ஆகவே அதன் வேகம் அத்தனை மடங்கு குறைந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டாத வேகம் கைக்கு எட்டும் வேகமாகிவிடுகிறது. வினாடிக்கு 1,700 அடி செல்லும் குண்டு பட்டால், எளிய கணக்கில், கட்டை வினாடிக்கு இரண்டரை அடி வேகத்தில் அசையும். அவ்வளவே சூட்சுமம்.

1742இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஊசலை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டுப் பார்த்ததில் அவர் கண்ட உண்மை அறிஞர் உலகையே திடுக்கிடச் செய்தது. காற்றின் தடை அற்பமானது என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். விரைந்து செல்லும் குண்டின்மீது காற்றின் எதிர்ப்பு, அக்குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்று ராபின்ஸ் காட்டினார். 1745இல் மேதை ஆய்லர் அந்நூலை விளக்கங்களோடு ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1746இல் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. பின்னர் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறுப்பேற்று, 1750இல் அவர் நம் கரைக்கு வந்தார். இங்குள்ள வெப்பமும் காய்ச்சலும் அவரை வாட்டின. 1751 ஜூலை 29ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் காலமானார்.

மரக்கட்டைக்குப் பின் மின்சாரம் வந்தது. 1860களில் பெல்ஜிய நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரி லெ பூலாஞ்சே ஓர் அருமையான கருவியை அமைத்தார். இரண்டு மின்காந்தங்கள் இரண்டு இரும்புக் கோல்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். குண்டு முதற்கம்பியை அறுத்ததும் நீண்ட கோல் விழத் தொடங்கும். அப்பால் உள்ள இரண்டாவது கம்பியை அறுத்ததும் குட்டைக் கோல் விழுந்து ஒரு விசையைத் தட்டும். உடனே ஒரு கத்தி பாய்ந்து, விழுந்துகொண்டிருக்கும் நீண்ட கோலில் ஒரு கீறலிடும். கீறல் இருக்குமிடத்தை அளந்தால், கோல் எவ்வளவு நேரம் விழுந்தது என்பது தெரிந்துவிடும். ‘குரோனோகிராப்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் ‘காலத்தை எழுதுவது’ என்று பொருள். இக்கருவி உண்மையாகவே காலத்தை எழுதிற்று. இதில் நாம் கற்க வேண்டிய பழக்கம் ஒன்றுண்டு. குண்டைச் சுடுமுன், இரண்டு மின்னோட்டங்களையும் ஒரே கணத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். அப்போதும் ஒரு கீறல் விழும். அது கருவி தானாக எடுத்துக்கொள்ளும் தாமதம். அதைக் கழித்த பிறகே கணக்கு. தன் பிழையை முதலில் அளந்துகொண்டு பிறகு உலகை அளக்கும் கருவி அது.

இத்தகைய கருவிகள் நெடுங்காலம் அரசாங்கங்களுக்கும் ஆயுதச் சாலைகளுக்குமே உரியவையாக இருந்தன. அமெரிக்காவில் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கம் துப்பாக்கிப் போட்டியாளரிடையே பரவலாக உண்டு. நம் நாட்டில் ஆயுதமும் தோட்டாவும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உரிமத்துக்கும் உட்பட்டவை. அங்கே, வெற்றுப் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் சேர்ப்பவர் அச்சிட்ட கையேட்டின் அளவை நம்பியே வேலை செய்கிறார். கூட்டுக்குள் எழும் அழுத்தத்தை அவர் வீட்டில் அளக்க இயலாது. வேகத்தை அளந்தால் மட்டும் ஒரு குறிப்புக் கிடைக்கும். கையேடு சொல்லும் வேகத்தை மீறிக் குண்டு பறந்தால் அழுத்தமும் வரம்பை மீறியிருக்கக்கூடும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தால் துப்பாக்கி வெடித்துக் கையும் கண்ணும் போகலாம்.

1960களில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் கென் ஓலர் என்னும் மின்னியல் பொறியாளர் தனிமனிதரும் வாங்கக்கூடிய வேகமானிகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் வந்த கருவிகளில் ஒளியுணரும் இரு ‘கண்கள்’ இருந்தன. குண்டின் நிழல் முதற்கண்மீது விழும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதன்மீது விழும்போது நிற்கும். விலை குறைந்தது, ஆயினும் அதற்கேற்ற குறையும் இருந்தது. இரு கண்களுக்கும் இடையே இரண்டடி என்று வைத்துக்கொள்வோம். அதில் கால் அங்குலம் பிசகினால் பிழை நூற்றுக்கு ஒன்று. வினாடிக்கு 2,800 அடி செல்லும் குண்டில் அது 28 அடிக்கும் மேலாகும். இடைவெளி ஓரடியாகச் சுருங்கினால் அதே பிசகு இருமடங்கு பிழையைத் தரும். மேகம் மறைத்தாலும், மின்விளக்கு துடித்தாலும் கண்கள் ஏமாறும். ஓலர் பின்னாளில் மூன்றாவது கண்ணொன்றைச் சேர்த்தார். ஒரே குண்டுக்கு இரண்டு அளவுகள் கிடைத்தன. இரண்டும் ஒவ்வாவிடில் கருவியே அதைச் சுட்டிக்காட்டிற்று.

2010களில் துப்பாக்கிக் குழலின் முனையில் கட்டும் மின்காந்த வேகமானி வந்தது. அதற்கு ஒளி வேண்டாம். ஆனால் குழலில் பாரம் ஏறுவதால் குண்டு படும் இடம் மாறும். வேகத்தையும் குறியையும் ஒருங்கே சோதிக்க இயலாது. அதே பத்தாண்டில் ரேடார் வேகமானியும் சந்தைக்கு வந்தது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒருவிதமாகவும் விலகிச் செல்கையில் வேறுவிதமாகவும் கேட்பதற்கு 1842இல் டாப்ளர் கண்ட விதியே அதற்கும் அடிப்படை. 2023இல் கார்மின் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் ரேடாரை ஏறத்தாழ 600 டாலருக்கு வெளியிட்டது. குண்டின் பாதையில் எதையும் வைக்க வேண்டாம். உடைந்து போகுமோ என்ற அச்சமும் வேண்டாம்.

இவற்றுள் எதைத் தேர்வது? பணம் குறைவாக உள்ளவருக்கு ஒளிக்கண் கருவியே போதும் என்பேன்; ஆனால் அவர் அதன் இடைவெளியை அளந்து சரிபார்க்க வேண்டும், வேகம் தெரிந்த தொழிற்சாலைத் தோட்டாவைச் சுட்டு ஒப்பிட வேண்டும், மூன்று குண்டோடு நிறுத்தாமல் பத்துக் குண்டேனும் சுட வேண்டும். இவற்றுக்குப் பொறுமை இல்லாதவர் விலையுயர்ந்த ரேடாரை வாங்கினாலும், தமக்குப் பிடித்த எண்ணை மட்டும் ஏட்டில் எழுதிக்கொள்வார்.

இதை நான் அனுபவத்தால் சொல்கிறேன். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஊசலின் காலத்தை அளந்தபோது எனக்கு மூன்று அளவுகள் ஒத்துவந்தன, நான்காவது முரண்பட்டது. அதை அடித்துவிட்டு, மூன்றின் சராசரியை அழகாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அடித்த எண்ணின்மேல் விரலை வைத்து, “இது என்ன குற்றம் செய்தது?” என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. மறுபடி அளந்து பார்த்தேன். தொங்கவிட்ட நூல் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. நான்காவது எண்தான் அதை எனக்குச் சொல்ல வந்திருந்தது. ஊசலில் நழுவிய நூலால் எனக்கு மதிப்பெண் குறைந்தது. தோட்டா நிரப்புபவன் அப்படி ஓர் எண்ணை அடித்துவிட்டால் இழப்பது வேறு.

1758இல் பிரெஞ்சுக்காரர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்து இடித்தனர். கோட்டையில் மிஞ்சியது கொஞ்சமே. கடலூர்ப் பக்கம் செல்லும் மாணவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் அந்த இடத்தையும் பார்த்து வாருங்கள். ஒரு மரக்கட்டை, ஒரு நாடா, ஒளிவுமறைவற்ற ஒரு கணக்கு ஆகியவற்றைக்கொண்டு பறக்கும் குண்டை அளந்த மனிதர் தம் கடைசி நாள்களைக் கழித்த மண் அது.