கணியமும் திருத்தும் உரிமையும்

நிரலாக்கக் கையேடு விரைவில் மூப்படையும் நூல். மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் பழைய கட்டளைகள் சில பயனற்றுப் போகும். பதிப்புரிமை பூட்டிய நூலையோ, ஆசிரியரின் இசைவின்றிப் பிறர் திருத்தி வெளியிட இயலாது.

2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இச்சிக்கலை உரிமத்தால் எதிர்கொண்டது. கட்டற்ற மென்பொருள் குறித்து எவரும் அதற்கு எழுதலாம்; ஆனால் படைப்போடு ஓர் உறுதிமொழியும் வரவேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் நெறிப்படி, எழுதியவர் பெயரைச் சுட்டி யாவரும் அதனை நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; மாற்றியதை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ இவ்வழியில் வந்த மின்னூல்.

கணித்தமிழ் ஆய்வுகள் கலைச்சொற்களையும் ஆராய்கின்றன. பிழையான கலைச்சொல்லையும் அடுத்தவர் மாற்றி எழுத இடமளித்தது அவ்வுறுதிமொழியே.