வன்னி நிலமும் குளமும்

பருவப்பெயர்ச்சிக் காற்றினால் மழைபெறும் ஆசிய நாடுகளிலே, மழை எவ்வளவு பெய்யும் என்பதினும் எப்பொழுது பெய்யும் என்பதே உழவனின் பெருங்கவலையாகும். இதற்குத் தக்க சான்று இலங்கையின் உலர் வலயத்திலுள்ள வன்னிப் பெருநிலம். அதிலும் வவுனியாவுக்குத் தென்மேற்கே அமைந்த செட்டிகுளப் பகுதி.

வவுனியாப் பகுதி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீற்றர் மழையைப் பெறுகின்றது. இஃது இலண்டன் மாநகர் பெறும் மழையினும் இரு மடங்குக்கு மேற்பட்டது. ஆனால், இலண்டனில் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கின்றது. வன்னியிலோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெரும்பங்கு கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. வைகாசிக்குப் பின் எழும் தென்மேல் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே நீரைச் சொரிந்துவிட்டு, வன்னியில் வறண்ட சோளகமாய் வீசுகின்றது. நிலத்தின் கீழுள்ள கடும்பாறையும், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப்போல நீரைப் பொதிந்து வைப்பதில்லை.

ஆதலின், ஓடும் நீரை மறித்துத் தேக்கினாலன்றி அங்கே கமம் நிலைபெறாது. காலபோகம் மழையோடு விதைக்கப்படும்; சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரையே நம்பியது. செட்டிகுளம், பாவற்குளம், முகத்தான்குளம் என ஊர்ப்பெயர்கள் குளத்தில் முடிவதன் காரணம் இதுவே. உலர் வலயத்துச் சிறு குளங்கள், மேற்குளம் கழிக்கும் நீரைக் கீழ்க்குளம் ஏற்கும் வண்ணம் தொடராய் அமைந்தவை. இவ்வமைப்பை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய தாபனம் உலகின் பாரம்பரிய வேளாண் முறைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

எனினும், குளம் மண்ணால் மாத்திரம் நிற்பதன்று. கட்டிலே முளைக்கும் மரத்தை வெட்டுவதும், துருசைச் செப்பனிடுவதும், வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் வயலுடையோர் அனைவரும் பகிர்ந்துகொண்ட கடமைகளாகும். 1832இல் ஆங்கில அரசு இலங்கையில் கட்டாய ஊழியத்தை நீக்கியது. குடிகளின் சுமையை இறக்கிய நற்செயல் அது. ஆயினும், ஊர்ப் பொதுவேலையை வற்புறுத்தும் அதிகாரமும் அதனோடு தளர்ந்தது. உடைந்த கட்டுகள் பல உடைந்தபடியே கிடந்தன. இதனை உணர்ந்தே 1856ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழமைகளுக்கு மீண்டும் வலுவளித்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. பெருங்குளங்களை அரசு திருத்தலாயிற்று. சிறு குளங்களோ ஊராரின் கைகளையே நம்பியிருந்தன.

அந்தக் கைகள் அகன்றால் நேர்வது யாது என்பதை அண்மை வரலாறு காட்டிற்று. உள்நாட்டுப் போர் முடிவுற்ற 2009இல், வன்னி மக்கள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. ஊர் திரும்பியோர் வீட்டைக் கட்டியதோடு நில்லாது, பற்றை மூடிய குளக்கட்டையும் தூர்ந்த வாய்க்காலையும் திருத்தவேண்டியவராயினர். மாரி மழையைத் தருவது வானம்; அதனைக் கோடைவரை காத்து வைப்பது ஊரவரின் கூட்டு முயற்சியே.